நாற்பது பேர் மேற்கோள் காட்டிய மூஞ்சி

போன வருடம் ஆவணியில், மடு மாதா கோயில் திருநாள் முடிந்த அடுத்த கிழமை, மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு மீனவர் சங்கக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நடந்தது இது. அன்றைக்கு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோப்போடு, பாராட்டு வாங்கிவரலாம் என்று போனவள். வாங்கி வந்தது வேறு.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் ஒன்றில் கடற்றொழில் படிப்பிக்கிறேன். ஆனால் என் பரம்பரைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, மன்னாரில் பெருநிலப் பக்கம் வயலோரமாகக் குடியேறியவர். எங்கள் வீட்டில் மீன் என்றால் கருவாடுதான். அந்தக் கருவாட்டுக்கு ஒருகாலத்தில் கண் இருந்தது, அது நீந்தியது என்றெல்லாம் சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. அதனால் மீனவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் ஒரு வெட்கம். ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களே என்று, முதல் தரம் சொன்னதற்கே தலையாட்டி எழுதிக்கொள்வேன்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு அப்படித்தான் பேசாலைக் கரையில் நின்று, வலையில் ஏறும் மீன்களைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு செய்தேன். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு படிவம். அதில் 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு கட்டம். எல்லாவற்றையும் நிரப்பி, அதிகம் பேர் அறியாத ஒரு சஞ்சிகையில் கட்டுரையாகப் போட்டேன்.

எங்கள் உலகத்தில் ஒரு கட்டுரை நல்லதா கெட்டதா என்று யாரும் வாசித்துப் பார்த்துச் சொல்வதில்லை. வாசிக்க யாருக்கு நேரம்? எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் அதை எடுத்துக் காட்டினார்கள் என்று எண்ணுவார்கள். அதுதான் மேற்கோள் எண்ணிக்கை. சஞ்சிகைக்கும் அப்படி ஓர் எண் உண்டு, தாக்கக் காரணி என்பார்கள். ஆளுக்கும் ஓர் எண் உண்டு, எச் சுட்டெண் என்பார்கள். என்னுடையது இரண்டு. அதை நான் சத்தமாகச் சொல்வதில்லை. என் மற்றக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலானவர் நானேதான்.

ஆனால் அந்தப் பேசாலைக் கட்டுரை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பத்து, இருபது, போன வருடம் நாற்பதையும் தாண்டிவிட்டது. காலையில் பல்துலக்க முன்னரே கைபேசியில் அந்த எண்ணைப் பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தால் அன்றைக்குத் தேநீருக்குச் சீனி தேவையில்லை.

அந்த எண்ணை நம்பித்தான் முதுநிலை விரிவுரையாளர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கட்டுரை இருந்தால் மயிரிழையில் தேறுவேன். இல்லாவிட்டால் இல்லை. இரண்டு தரம் தவறவிட்ட பதவி உயர்வு அது. கூடவே, ஆய்வால் சமூகத்துக்கு என்ன தாக்கம் என்று ஒரு கடிதமும் இணைக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குத்தான் சங்கக் கந்தோருக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது சுவரில் இருந்த பெரிய சுவரொட்டி. மன்னார்க் கரையோர மீன்கள், படங்களோடு. ஏதோ ஒரு மீன்வளத் திட்டக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் என் கட்டுரையின் பெயர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த சங்கத் தலைவரிடம், "ஐயா, இந்தப் பேரெல்லாம் நான் சேகரிச்சதுதான்" என்றேன்.

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளை பேனாவை வைத்தார். தலைவர் மெதுவாகக் கதிரையை விட்டு எழுந்து, சுவரொட்டியின் மூலையில் இருந்த ஒரு குட்டி மீனின் மேல் விரலை வைத்தார். உப்பின கன்னம், முன்னுக்குத் தள்ளின கீழுதடு, யாரோ கடன் கேட்டு வந்ததுபோல ஒரு பார்வை. கீழே பெயர்: சம்மாட்டி மூஞ்சி.

"இதுவும் நீங்களோ, மிஸ்?"

நான் மீனைப் பார்த்தேன். தலைவரைப் பார்த்தேன். உப்பின கன்னம், தள்ளின கீழுதடு. படகும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களை வேலைக்கு எடுப்பவரைத்தான் இங்கே சம்மாட்டி என்பார்கள். அவர் சம்மாட்டி என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கணக்குப்பிள்ளை மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து, அங்கேயே இருந்து குலுங்கினார்.

"ரெண்டு வருசமாத் தேடுறன், ஆர் இதைப் போட்டதெண்டு" என்றார் சம்மாட்டி. "எங்கட கரையில அந்த மீனுக்குப் பேரே இல்லை. அது கழிச்சு எறியிற சாமான். முதல்ல என்ர மூஞ்சியை மீனில இருந்து எடுங்கோ, பிறகு கடிதம் தாறன். ஆர் உங்களுக்குச் சொன்னது?"

தகவல் தந்தவரின் பெயரை வெளியிடக்கூடாது என்பது ஆய்வு நெறி. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த நெறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வந்தேன்.

சொன்னவர் யாரென்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதே கரையில், அதே இடத்தில், கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டு இருந்தார். சம்மாட்டியின் படகில் வேலை செய்பவர். என்னைக் கண்டதும் அடையாளம் கண்டு சிரித்தார். சிரிப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

"நான் பேரில்லை எண்டுதான் முதல்ல சொன்னனான், மிஸ். நீங்கள் கேக்கேல்லை. கட்டம் காலியா இருக்கக்கூடாது, ஏதாவது ஒரு பேர் சொல்லுங்கோ எண்டு நிண்டனீங்கள். அந்த நேரம் பாத்துச் சம்மாட்டி கோவத்தோட வந்தவர். வாயில வந்திட்டுது."

எனக்கு அழுகை வராத குறை. "அண்ணை, அதை நாற்பது பேர் தங்கட கட்டுரையில எழுதியிருக்கினம்" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். "நாற்பது பேரோ? ஒருத்தரும் இஞ்ச வந்து கேக்கேல்லையே!"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அத்தனையையும் முதல்முறையாக இருந்து வாசித்தேன். அதுவரை எண்ணினேனே தவிர வாசிக்கவில்லை. பாதிக்கு மேல் அந்த மீனின் உள்ளூர்ப் பெயருக்காகத்தான் என்னைக் காட்டியிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் விட்ட எழுத்துப்பிழையையும் சிலர் பத்திரமாகப் பிரதி எடுத்திருந்தார்கள். ஒருவர், இந்தப் பெயர் மரபுவழித் தலைமைக்கு மீனவர்கள் தரும் மரியாதையைக் காட்டுகிறது என்று ஒரு முழுப் பந்தி எழுதியிருந்தார். இன்னொருவர், பேராசிரியர், 'பேசாலை மீனவர்களிடம் நேரில் கேட்டறிந்தபடி' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் என் கட்டுரையைப் போட்டிருந்தார்.

இரண்டு நாள் நித்திரை இல்லை. வாய் மூடியிருந்தால் பதவி உயர்வு. யாருக்கும் தெரியப் போவதில்லை, வாசிப்பவர்தான் எவரும் இல்லையே. ஆனால் அந்தக் கந்தோரில் கணக்குப்பிள்ளை மேசைக்கடியில் குலுங்கியது மனதை விட்டுப் போகவே இல்லை. மூன்றாம் நாள் சஞ்சிகைக்குத் திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன்: 'அந்த மீனுக்கு உள்ளூர்ப் பெயர் இல்லை. கட்டுரையில் தந்த பெயர் கேலியாகச் சொன்ன ஒரு பகிடி.' பகிடிக்கு ஆங்கிலத்தில் கௌரவமான சொல் தேடுவதற்கே ஒரு பின்னேரம் போனது.

சங்கத்தின் கடிதம் இல்லாமலே பதவி உயர்வு நேர்முகத்துக்குப் போனேன். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர், நீங்கள் நினைப்பது சரிதான், அந்த 'நேரில் கேட்டறிந்த' பேராசிரியர். உங்கள் மிகச் சிறந்த கட்டுரையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். திருத்தக் குறிப்பை மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். இரண்டு பக்கத்தில் இருந்தவர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் மட்டும் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியாமல் நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் வேறு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்குரிய புள்ளிகளைக் கழித்தார்கள். பதவி உயர்வு மூன்றாம் தரமும் போனது. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

திருத்தம் அச்சில் வந்ததும் அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, மறுபடி பேசாலைக்குப் போனேன். சம்மாட்டி கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். நான் எழுதியதை அவ்வளவு கவனமாக வாசித்த முதல் ஆள் அவர்தான். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மிஸ், இது இப்ப பிழையாப் போச்சே" என்றார்.

யன்னலுக்கு வெளியே கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள்: "உந்தச் சம்மாட்டி மூஞ்சியெல்லாத்தையும் அங்கால கொட்டு!" ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. சுவரொட்டி பார்த்துப் பார்த்து, பேரில்லாத மீனுக்குப் பேர் வந்துவிட்டது.

"இப்ப நானே அப்பிடித்தான் சொல்லுறன்" என்றார் சம்மாட்டி. "சொன்னவன் ஆரெண்டும் எனக்குத் தெரியும். இந்தக் கரையில அந்த வாய் ஒருத்தனுக்குத்தான் இருக்கு. நல்ல வலைகாரன், விடுங்கோ." பிறகு கடிதத்தாள் எடுத்து, கணக்குப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி எழுதுவித்து, முத்திரை குத்தித் தந்தார். 'இவருடைய ஆய்வு எமது கிராமத்தில் அழியாத தாக்கத்தை ஏற்படுத்தியுள்ளது. இதற்கு நானே சாட்சி.'

அந்தக் கடிதம் அடுத்த விண்ணப்பத்துக்காகக் கோப்பில் இருக்கிறது. என் திருத்தக் குறிப்பை இன்றுவரை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார், அது நான்தான். பிழையான கட்டுரையின் எண் மட்டும் இன்னும் கூடிக்கொண்டுதான் போகிறது, அதை நான் காலையில் பார்ப்பதில்லை. ஆனால் கரைக்குப் போகும்போது படிவத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால், இப்போது வெட்கப்படாமல் 'தெரியாது' என்று எழுதிவிட்டு வருகிறேன். அந்த ஒரு சொல்லை எழுதப் பழகுவதற்கு எனக்கு இவ்வளவு படிப்பும் ஒரு சம்மாட்டியின் மூஞ்சியும் தேவைப்பட்டிருக்கிறது.