ஒட்மார் மாமா நம்பாத சீட்டு

உலகத்துப் பரண்களில் தூசி தின்று கிடக்கும் வயலின்கள் எல்லாம், எங்கள் ஒட்மார் மாமா ஏணியில் கால் வைக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நின்று, பிறந்த வருஷம், பெற்றவர் பெயர், எந்தக் காட்டில் மரமாக நின்றோம் என்பது வரை ஒப்பித்துவிடும். துப்பறியும் போலீஸ்காரர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்கலாம். அவர்கள்தான் வருவதில்லை.

மாமாவின் ஆயுதம், பல் டாக்டர் வாய்க்குள் விடும் குச்சிக் கண்ணாடியும் ஒரு குட்டி டார்ச்சும். ஜெர்மனியில் எங்கள் ஊரான மார்க்நாய்கிர்ஷனில் யாராவது செத்து வீட்டை ஒழித்தால் பரணில் கட்டாயம் ஒரு வயலின் இருக்கும். அதன் வயிற்றுக்குள் இத்தாலி ஆசான் ஒருவரின் பெயர் போட்ட பழுப்புச் சீட்டும் இருக்கும். உடனே மாமாவைக் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு ஒரு விதி உண்டு: முதலில் கேக், பிறகு வயலின் பெட்டி.

"தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் எந்த வீட்டுலயும் கேக் வராதுடி தெக்லா" என்று, கூடப் போகும் என்னிடம் சொல்வார்.

உண்மைதான். ஒருமுறை ஒரு வீட்டுக்கார அம்மா விடவே இல்லை. "உள்ள பேரே போட்டிருக்குங்களே!"

"போட்டிருக்கும்மா. அந்த மனுஷன் செத்து இருநூறு வருஷம் கழிச்சும் நம்ம ஊர்ல வண்டி வண்டியா வயலின் செஞ்சு அனுப்பியிருக்காரு. பாவம், ஓய்வே இல்ல."

அந்தக் காலத்தில் இங்கே ஒரு வீட்டில் முதுகுப் பலகை செய்வார்கள், இன்னொரு வீட்டில் கழுத்து. என் அம்மாவின் அப்பா, அல்பின் மெர்ட்ஸ் தாத்தா, தலை மட்டும் செதுக்கினார். கழுத்து நுனியில் நத்தை மாதிரி சுருண்டிருக்குமே, அது. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, தோன்றிய பெயரை உள்ளே ஒட்டுவது வியாபாரிகள் வேலை. அதனால் எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைகூட சீட்டை நம்பாது. மாமா எப்படி நம்புவார்?

நான் பிறப்பதற்கு முன்னால், மலையடிவாரப் பண்ணையிலிருந்து ஸைடல் அம்மா ஒரு வயலினைக் கொண்டுவந்தாராம். சீட்டில் 'அல்பின் மெர்ட்ஸ், 1946' என்று இருந்தது. தலையும் தாத்தா செதுக்கியதே. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கப்பா தலை இந்த ஊர்ல ஆயிரம் வயலின்ல உக்காந்திருக்கு. அவரு தலையைத் தவிர ஒண்ணும் செஞ்சதில்ல. யாரோ விளையாட்டுக்கு ஒட்டியிருக்காங்க. சாதாரண வயலின்தாம்மா இது."

ஸைடல் அம்மா அதைத் திருவிழா வேஷத்துக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிள்ளைகள் உடைத்தார்கள். உடைந்தது அடுப்புக்குப் போனது.

பல வருஷம் கழித்து அதே பண்ணைக்கு மாமா வேறொரு வயலின் பார்க்கப் போனார். அங்கிருந்த கிழவர் ஹைனர், ஸைடல் அம்மாவின் கொழுந்தனார், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "போர் முடிஞ்ச குளிர்காலம். வியாபாரி ஒருத்தனும் இல்ல. உங்கப்பா தனியா முழுசா ஒண்ணு செஞ்சு, எங்க அப்பாகிட்ட கொடுத்துட்டு உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிட்டுப் போனாரு. 'வீட்ல சின்னவன் பசியில அழுறான்'னாரு."

அந்தச் சின்னவன் மாமாதான்.

"அது எங்க இப்போ?" என்று மாமா கேட்டிருக்கிறார். ஸைடல் அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்கதானே ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க" என்றாராம்.

அன்றிலிருந்து மாமா எந்த வயலினை எடுத்தாலும் டார்ச்சை முதலில் சீட்டின் மேல்தான் அடிப்பார். படித்துவிட்டு ஒரு கணம் அப்படியே இருப்பார். பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டுக்காரர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தைத்தான் அவர் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை காரில் தானாகவே சொன்னார்: "அந்தக் கிழங்கை நான்தான் தின்னேன். ருசிகூட ஞாபகம் இருக்கு."

நான் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கற்றது போலிக் கையெழுத்து மட்டும்தான். பழஞ்சந்தையில் தாத்தா தலை வைத்த வயலின் ஒன்று கிடைத்தது. தடிக் காகிதத்தைக் காபியில் ஊறவைத்து, காயவைத்து, 'அல்பின் மெர்ட்ஸ், 1946' என்று எழுதி உள்ளே ஒட்டினேன். பழைய சீட்டைச் சுரண்டி எடுத்ததில் விரலில் ரத்தம் வந்தது. பிறகு எங்கள் வீட்டுப் பரணில் வைத்தேன். அது அப்பா வழி வீடு. மாமா அந்தப் பரணில் ஏறியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். "மாமா, பரண்ல ஒரு பெட்டி. இப்பவே பாருங்க!"

மாமா கண்ணாடியை உள்ளே விட்டார். டார்ச் அடித்தார்.  நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். திரும்பியபோது, மாமா வயலின் ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காபிடி."

"எ... என்ன மாமா?"

"நாப்பத்தாறுல இந்த ஊர்ல காபி ஏது? வறுத்த பார்லியைத்தான் குடிச்சோம். நீ அதுல ஊறவச்சிருந்தா நான் ஏமாந்திருப்பேன்." வயலினைத் திருப்பி, தலையைக் கட்டைவிரலால் தடவினார். "ஏமாந்தே இருக்கலாம்."

 மாமா வயலினை மெதுவாகப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். சீட்டைப் பிய்க்கச் சொல்லவில்லை.

"மூக்கே வேண்டாம், கழுதை. கேக் வெட்டாம பெட்டியை நீட்டினியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். "விரல்ல என்ன காயம்? காட்டு."