அவர் சட்டைத் தூசியைப் பிரிச்சுப் பார்க்க அம்பத்தூர் போனேன்

போன மாசம் ஒரு புதன்கிழமை அண்ணனூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போய் வந்தேன். நான் எட்டாவதுதான் படிச்சேன். சொல்லச் சொல்ல என் மக டைப் பண்றா. என் வீட்டுக்காரர் கல் அறுக்கிற பட்டறையில் இருந்தார். நெஞ்சில் தூசி அடைச்சு ஆறு மாசம் முன்னாடி போயிட்டார். பட்டறையை இடிச்சு ஃப்ளாட் கட்டுறாங்க. கூட வேலை செஞ்சவங்களும் இருமுறாங்க. அவங்க மூச்சுல என்ன போச்சுன்னு ஆராயறவங்களுக்கு அந்தப் பட்டறைத் தூசி வேணுமாம். அது மிச்சம் இருந்தது, நான் துவைக்காம வச்சிருந்த அவர் சட்டையில் மட்டும்தான். அவர் வாசனையும் அதில்தான் இருந்தது.

ரயிலுக்கு அஞ்சு ரூபா, ரெண்டாவது ஸ்டேஷன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபா.

“இன்னாக்கா, பையக் கட்டிப் புடிச்சிகினு கீறே? தங்கமா?” என்றார் டிரைவர்.

“சட்டைப்பா. தூசியப் பிரிச்சு எடுக்கணும்.”

“அதுக்கு ஆட்டோவா? ஊட்டுல சோப்பு இல்லியா?”

வண்டியே சிரிச்சது. நானும் சிரிச்சேன். ரொம்ப நாளாச்சு.

தூசியை ஆராயற லேப் மாடியில். நித்யான்னு ஒரு திருநெல்வேலிப் பொண்ணு. “உதறிட்டா இது பழைய மாதிரி இருக்காதும்மா. மனசில்லன்னா வேண்டாம்” என்றாள். பையை மடியிலேயே வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் அதே பட்டறையில் வேலை செஞ்சவர். அவர் இருமல் சுவர் தாண்டிக் கேட்கும். கொடுத்துட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உதறினாங்க. பம்பு காத்தை இழுக்க, விரல் நீளக் குழலுக்குள் அது சுழலுது. கனத்த தூசி கீழே கிண்ணத்தில் விழ, நைஸானது மேலே போய் ஒரு வட்டக் காகிதத்தில் ஒட்டிக்குது.

கிண்ணத்தில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. “இதுவா அவரைக் கொன்னுச்சு?”

“இது மூக்கு, தொண்டையோட நின்னுடும்மா. நுரையீரல் அடிவரைக்கும் போறது இதுதான்.” காகிதத்தைக் காட்டினாள். வெள்ளையாத்தான் இருந்தது.

காகிதம் அறைக் காத்துக்குப் பழகணும்னு மத்தியானம் வரை காத்திருந்தோம். அப்புறம் தராசு. “மூச்சை அடக்கிக்கோங்கம்மா. மூச்சுக் காத்து பட்டா தராசுல எண் ஆடும்.”

அடக்கினேன். காலையில் வெறும் காகிதத்துக்குக் காட்டினதை விட எண் கூடியிருந்தது. கண்ணுக்கே தெரியாதது எடை காட்டுது! ரெண்டு ஆள் தூக்குற கல்லைத் தனியா தூக்கினவரைச் சாய்ச்சது இது. பார்த்துக்கிட்டே நின்னேன், மூச்சு விடணும்னு நித்யாதான் ஞாபகப்படுத்தினாள்.

போறவங்க முன்கூட்டியே போன்ல கேட்டுட்டுப் போங்க. ஏசி குளிரும், சால்வை எடுத்துக்கோங்க. அஞ்சு மணிக்கு மேல ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்காது.

இன்னொண்ணு. வீட்டில் கல் வேலைக்காரர் இருந்தா சட்டையை உதறாதீங்க. நான் தினம் வாசல்ல உதறுவேன். விழுந்ததுதான் தூசின்னு நெனச்சேன். அப்படியே தண்ணில முக்குங்க. லேப்ல திருப்பிக் கொடுத்த அவர் சட்டையை அன்னிக்கு சாயந்தரம் நானும் அப்படித்தான் துவைச்சு, கொடியில் போட்டேன். காத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் உதிரலை.