மலைக்கு இரண்டு மதிப்பெண்

மாதிரி ரயில் போட்டிக்கு என்னையும் என் கணவரையும் நடுவர்களாகப் போட்டுவிட்டார்கள். திருவண்ணாமலையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களே கொஞ்சம் பேர். அந்த வருடம் போட்டியில் கலந்துகொள்ளாமல் சும்மா இருந்தது நாங்கள் இருவர்தான். நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். அவர் மோட்டார் பழுது பார்ப்பவர்.

ரயில் ஓட்டத்துக்குப் பத்து, வேலைப்பாட்டுக்குப் பத்து, நிஜம்போல இருப்பதற்குப் பத்து. ஆளுக்கொரு தாளில் போட்டு, கடைசியில் கூட்ட வேண்டும். குழம்பில் உப்பு போதுமா என்பதிலேயே ஒத்துப்போகாத நாங்கள், முதல் சில மேசைகளைச் சண்டையில்லாமல் தாண்டியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மேசை ஒரு கோயில் குருக்களுடையது. நம்மூர் ரயில் நிலையத்தையே செய்துவைத்திருந்தார். நடைமேடை, வேப்பமரம், கூரைமேல் ஒரு குரங்கு, பின்னால் தெர்மாகோலில் மலை. ரயில் குலுங்காமல் வந்து நின்றது. நிஜம்போல இருப்பதற்கு ஒன்பது போட்டேன். எட்டிப் பார்த்தால், என் கணவர் இரண்டு போட்டிருந்தார்.

"மலை தப்பா இருக்குது" என்றார்.

அவர் அடி அண்ணாமலைக்காரர். மலைக்குப் பின்பக்கம் பிறந்துவிட்டு, அதுதான் முன்பக்கம் என்று நம்புகிறவர். நான் டவுன்காரி.

"ஏங்க, அது உங்க ஊர்லருந்து தெரியற மலை. இது ஸ்டேஷன்லருந்து தெரியறது."

"மலை ஒண்ணுதானே இருக்குது?"

மற்ற போட்டியாளர்கள் தங்கள் ரயில்களை அப்படியே ஓடவிட்டு வந்து கட்சி பிரிந்தார்கள். வேங்கிக்காலில் புதுவீடு கட்டிய ஒருவர், தன் மாடியிலிருந்து தெரிவதுதான் சரியான மலை என்று காற்றில் வரைந்து காட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட குருக்கள், ஸ்டேஷன் பக்கத்தில்தானே இருக்கிறது, போய்ப் பார்த்துவிடலாமே என்றார்.

மூவரும் நடந்தோம். நடைமேடையில் நின்று என் கணவர் மலையை வெகுநேரம் பார்த்தார். அந்தக் கோடிவரை போய்த் திரும்பினார். சரியாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்தார். உடனே முகம் மலர்ந்தது.

"ஆனா சாமி, கலர் தப்பு. மலை எவ்ளோ பச்சையா இருக்குது, பாருங்க. நீங்க செங்கல் கலர் அடிச்சிருக்கீங்க."

"நான் பெயின்ட் அடிச்சது சித்திரையில சார். அப்புறம் மழை பேஞ்சா நான் என்ன பண்றது?"

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே பேனாவை எடுத்து இரண்டை அடித்து எட்டு போட்டார். ஒன்பதே போடலாமே என்றேன். ஒரு மார்க் தன் ஊருக்காக இருக்கட்டும் என்றுவிட்டார்.

முதல் பரிசு ஒரு கல்லூரி ஆசிரியைக்குப் போனது. அவருடைய சரக்கு ரயில் மேட்டுப் பாலத்தில் வழுக்காமல் ஏறியது. அதில் எங்களுக்குள் தகராறே இல்லை. குருக்களுக்கு இரண்டாம் பரிசு.

சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோக அவர் ஆட்டோ பிடித்தார். ரயிலும் நிலையமும் பெட்டிக்குள் அடங்கின. மலை அடங்கவில்லை. கூட வந்து பிடித்துக்கொள்ள முடியுமா என்று என் கணவரைத்தான் கேட்டார். மடியில் மலையை வைத்துக்கொண்டு அவர் உட்கார, நான் பெட்டியோடு ஒடுங்கிக்கொண்டேன். தேரடித் தெருவில் ஆட்டோ நெரிசலில் நின்றது. பூ வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் உள்ளே பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் கணவர் முதுகை நிமிர்த்தி, மலையைக் கொஞ்சம் அந்த அம்மாள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.