தேங்காய்க்கு எதிராக ஒரு நிரூபணம்

எண்பதுகளின் நடுவில் பொழிச்சலூரில் வீடு கட்ட ஆரம்பித்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நிரூபிக்காத எதையும் நம்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம். ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட 'ஆகவே' போட்டுத்தான் பதில் சொல்வேன். என் மனைவி எப்படிச் சகித்தாளோ!

புது வீட்டில் அவள் ஆசைப்பட்டது ஒரு கிணறு. இரும்புலியூர் வாடகை வீட்டில் இருந்தவரை தெரு பம்பிலிருந்து தண்ணீர் சுமந்தே அவள் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது.

நீரோட்டம் பார்க்க ஒருவரை அவளே அழைத்து வந்தாள். வந்தவர் மனையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே நின்று அரட்டை அடித்தார். வெட்டிப்பேச்சு என்று நினைத்தேன். பிறகு உள்ளங்கையில் ஒரு குடுமித் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு மனைக்குள் நடந்தார். பின்பக்க மூலையில் தேங்காய் எழுந்து நின்றது.

"இங்க தோண்டு சார். நல்ல தண்ணி கீது."

நான் சும்மா இருந்திருக்கலாம். தேங்காய்க்கும் நிலத்தடி நீருக்கும் சம்பந்தமில்லை. ஆகவே அது காட்டும் இடத்துக்குத் தனிச் சிறப்பில்லை. ஆகவே எங்கே தோண்டினாலும் ஒன்றுதான். இப்படி நிரூபித்துவிட்டு, முன்பக்கம் தோண்டச் சொன்னேன்.

"பக்கத்து வீட்டு அக்கா என்ன சொன்னாங்கன்னா..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"யாரோ சொல்றதெல்லாம் நிரூபணம் ஆகாது" என்று அவள் வாயை அடைத்தேன்.

பன்னிரண்டு அடியில் பாறை. வேலையாட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் குழியை எட்டிப் பார்த்தார்.

"இந்த வரிசையில முன்பக்கம் பூரா பாறைதான் சார். எங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு வந்தாரே, அவர்கிட்ட சொன்னேனே. உங்க வீட்டம்மாவும் கூடத்தானே இருந்தாங்க."

அந்த மனிதர் தேங்காயைக் கையில் எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தார். மண்ணுக்கடியில் எல்லா இடமும் ஒன்றுதான் என்று ஒருவரையும் கேட்காமல் நம்பியவன் நான். 'ஆகவே'க்களில் ஒரு பிழையும் இல்லை.

இன்னொரு கிணற்றுக்கு உடனே வழியில்லை. இரண்டு கோடை அவள் மறுபடியும் தெரு பம்பில் வரிசையில் நின்று தண்ணீர் சுமந்தாள். குடத்தைப் பார்த்தாலே எனக்கு வெட்கமாக இருக்கும். அத்தனை நாளும் அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது நிரூபித்துத் தப்பித்திருப்பேன்.