அருளப்புவின் ஈஸ்ட் போத்தல்

சென்ற வியாழக்கிழமை மத்தியானம் லண்டன் வெம்பிளியில் கடையில் நின்றபோது கத்தோலிக்கத் தமிழ்ச் சுவாமியார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அருளப்பு கோலியர்ஸ் வுட்டில் தன் அறையில் காலமாகிவிட்டார் என்றார். அவருடைய குறிப்புப் புத்தகத்தில் வெட்டப்படாமல் இருந்த ஒரே தொலைபேசி இலக்கம் என்னுடையதாம். மற்றவை நீங்கள் வீடு மாறியபோது அவரே வெட்டியவையாக இருக்கும். அவரோடும் என்னோடும் ஒரே வாடகை வீட்டில் ஒரு காலம் இருந்து எழும்பிப் போன உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து வந்த அருளப்பு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். லீவு நாட்களில் பியர் செய்வார். அவர் அரைக் கிளாசுக்கு மேல் குடித்து நான் பார்த்ததில்லை. பியர் இருந்தால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்பார்.

ஈஸ்ட் வைக்கும் நாளில் சமையலறைக்குள் எவரையும் விடமாட்டார். ஜன்னலைச் சாத்துவார். போத்தல், குழாய், புனல், கரண்டி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த பிறகு கிருமிநீக்கித் தண்ணீரில் ஊறவைப்பார். கொதித்தாறிய தண்ணீரில் அலசுவார். முளைத்த பார்லியில் எடுத்த மோல்ட் கரைசலைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகே போத்தலில் ஊற்றி ஈஸ்டைத் தூவிப் பஞ்சால் வாயை அடைப்பார். இரண்டு மூன்று நாளில் அது நுரைத்துப் பெருகியதும்தான் பெரிய வாளியில் இருக்கும் பியர்க் கரைசலில் கலப்பார். ஏன் இவ்வளவு என்று கேட்டால், "கழுவினது வேற, சுத்தம் வேற. தெரியிற ஊத்தைக்கு நான் பயப்பிடுறேல்லை" என்பார்.

எண்பத்தொன்பதில் நீங்கள் எல்லாரும் போய்விட்டீர்கள். நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்று கார்த்திகையிலேயே ஈஸ்ட் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் பார்த்தேன், நுரை பொங்கிப் பஞ்சைத் தள்ளிக்கொண்டிருந்தது. உதவி செய்வதாக நினைத்து, கறிச்சட்டியில் கிடந்த கரண்டியைத் துணியில் துடைத்து, அதன் காம்பால் நுரையை அமத்திப் பஞ்சைத் திரும்ப அடைத்தேன். அவர் வந்தபோது சொல்லவில்லை.

நத்தாருக்கு நாலு பேர் வந்தீர்கள். பியர் புளித்திருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசுகளை வைத்தீர்கள். ரயில் நேரம் என்று எழும்பினீர்கள். தன் கைப்பிழை என்று அவர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். மிச்சப் போத்தல்களை ஒவ்வொன்றாய்த் திறந்து சமையலறைச் சிங்கில் ஊற்றியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் வேறு அறை கிடைத்தது என்று நானும் போய்விட்டேன்.

போன வசந்தத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தக் கரண்டியைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரியும். வந்த உடனயே பஞ்சில மஞ்சள் கண்டனான்."

பிறகு ஏன் அந்த ஈஸ்டைக் கலந்தீர் என்றேன்.

"நீர் வந்து சொல்லுவீர் எண்டு ரெண்டு நாள் பாத்தன். நானாய் அதைச் சிங்கில ஊத்தினா உம்மைக் குற்றம் சொன்ன மாதிரி இருக்கும். நீரும் போயிடுவீர். வீட்டில நீர் ஒராள்தானே மிச்சம்."

அடக்கத்துக்குச் சுவாமியாரும், சலவைப் பகுதியில் அவருடன் வேலை செய்த இரண்டு பெண்களும், நானும் நின்றோம். பிறகு அவர் அறையை ஒதுக்கி வீட்டுக்காரரிடம் கதவுத் திறப்பைக் கொடுத்தேன். சாமான் எதையும் எடுத்து வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகச் சொன்ன "நீர் ஒராள்தானே மிச்சம்" என்ற அந்த வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது.