என் சோடியின் புதுச் சோடி

நானும் அவனும் சோடியானதற்குக் காரணம் ஒரு கார்தான். மில்லிக்கன் என்ற புறநகரில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருவில் இருந்தன. விடியற்காலை ஐஸ் ஸ்கேற்றிங் பயிற்சிக்கு ஒரு வாரம் என் அம்மா, மறு வாரம் அவனுடைய அம்மா என்று எங்கள் இருவரையும் ஏற்றிப் போவார்கள். எப்போதும் ஒன்றாக வந்திறங்கும் நெட்டைப் பையனையும் குட்டைப் பெண்ணையும் பார்த்த பயிற்சியாளர், சேர்ந்து சறுக்கிப் பார்க்கச் சொன்னார். அப்படியே வளர்ந்தோம். மாகாணச் சாம்பியன்களும் ஆனோம். பிறகு கல்யாணம். அவர்கள் தேவாலயம் போகும் வேதக்காரர், நாங்கள் சைவம். வீட்டில் எழுந்த சத்தத்தை அம்மாதான் அடக்கினார்.

"சனத்துக்கு முன்னால உவன்தானே இவளைத் தலைக்கு மேல தூக்கினவன். வேற ஆரைத் தேடுறது?"

நாடு தழுவிய போட்டிக்கு ஆயத்தமான குளிர்காலத்தில், அவன் தூக்கியிருந்தபோது விழுந்தேன். யாரிலும் பிழையில்லை. தோள்மூட்டு விலகிவிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கை காதுக்கு மேல் உயரவில்லை. சோடியாகச் சறுக்க அந்தக் கை போதாது.

அவனுக்கு உடம்பு நல்ல பதத்தில் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "கோச் வேற ஒரு பிள்ளையோட ட்ரை பண்ணிப் பாக்கச் சொல்லுறார். நீ வேண்டாமெண்டா விட்டிடுறன்."

"செய். நான் ஏன் வேண்டாமெண்டுறன்?" என்றேன். அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

மொன்றியலில் இருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட இளையவள், நல்லவள். நான் ஒரு பிஸியோ கிளினிக்கில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். ரூஜ் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டில், விடியமுன் அவன் பயிற்சிக்குக் காரை எடுத்துப் போன பிறகு எனக்கு நித்திரை வராது. அத்தனை வருடம் எழும்பிய உடம்பு. உடுத்து, தலை வாரி இழுத்து, வேலைக்கு நேரமாகும்வரை குசினிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

"நான் எறியேக்க அவள் பயப்பிடுறாள். ஒருக்கா வந்து பாக்கிறியா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். எறிதல் என்றால், ஆண் பெண்ணைச் சுழற்றி எறிய, அவள் தூரத்தில் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். போனேன். அவளுடைய இடுப்பை அவன் பிடித்த விதத்தைப் பார்த்ததும், என் இடுப்பில் அந்த விரல்கள் எங்கே அழுத்தும் என்று தெரிந்தது.

விழுந்தெழும்பிய அவள் நான் நின்ற தடுப்புக்கு அருகே வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவர் எப்போது விடுவார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"விடுவதற்கு முன் மூச்சு விடுவான். அதைக் கேள்" என்றேன்.

அடுத்த முறையும் விழுந்தாள். அதற்கடுத்த முறை இறங்கி நின்றாள். அவன் கத்திக்கொண்டு போய் அவளைக் கட்டிப்பிடித்தான். அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டான். "அவளுக்கு என்ன சொன்னனீ?"

"சும்மா, பயப்பிடாதை எண்டன்."

அந்த மூச்சைப் பற்றி அவனிடம்கூட நான் சொன்னதில்லை. அவனுக்கே அது தெரியாது.

அவர்கள் நாட்டுச் சாம்பியன்களானார்கள். நானும் அம்மாவும் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். "எழும்பு பிள்ளை, எல்லாரும் எழும்பீட்டினம்" என்று அம்மா என் முழங்கையைப் பிடித்தார். எழுந்து கை தட்டினேன். எனக்குச் சந்தோஷம்தான். அழுகையும் வந்தது.

இப்போது குளிர்காலத்தில் பெரும்பாலும் அவன் வெளிநாட்டில். போன கிழமை ஒரு ஹோட்டலில் இருந்து போன் எடுத்தான்.

"என்ன செய்யிறாய்?"

"டிரைவ்வேயில சினோ தள்ளிப்போட்டு இப்பத்தான் உள்ளுக்கு வந்தனான்."

"தனியவோ? கை கவனம். அடுத்த சீசனோட நிப்பாட்டுறன், பார்."

"ஓம்."

பின்னால் அவள் அவனைக் கூப்பிடும் குரல் கேட்டது. பஸ் வந்துவிட்டதாம்.

"போ, போ. கூப்பிடுறாள்" என்று நானே போனை வைத்தேன். வெளியில் மறுபடி பனி கொட்டத் தொடங்கியிருந்தது. கழற்றிவைத்த ஈரக் கையுறைகளை எடுத்து ஹீற்றருக்கு மேல் போட்டேன்.