ஜப்பான் சாமிக்குத் தோள் கொடுத்தேன்

பொய் சொல்லிவிட்டேன். அதுவும் சாமி விஷயத்தில்.

"சாமி தூக்கறதா? எங்க ஊர்ல வருஷா வருஷம் நான்தான்!" என்று ஆபீஸில் மார் தட்டினேன். உண்மையில், இந்த நாற்பத்தாறு வயதுவரை என் தோள் சுமந்த அதிகபட்ச எடை... ஒரு துண்டு.

கேட்டவர் யமாடா. பக்கத்து மேஜை எஞ்சினியர். எக்ஸ்போ உலகக் கண்காட்சிக்காக மான்ட்ரியல் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆறு வருடமாக அவருக்கு ஒரே குறை: வசந்தம் வருகிறது, அவர் ஊர் ஷின்டோ கோயிலின் வசந்தத் திருவிழா வரவில்லை. இங்கே கோயில் இருந்தால்தானே? இந்தக் குளிர்காலம் முழுக்க பியர்ஃபோன் புறநகரில் இருக்கும் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, சாமிக்கு ஒரு குட்டிச் சப்பரம் செய்துவிட்டார். தூக்க எட்டுப் பேர் வேண்டும். ஒருவருக்கு ஃப்ளூ.

"தோள்ல ஏத்திட்டா, பார்க்கைச் சுத்தி முடிக்கிறவரை கீழே வைக்கக் கூடாது. வச்சா விழா அதோட சரி. முடியுமா?" என்றார்.

முடியாது என்று சொல்லத் தெரிந்தால் நான் ஏன் பத்தி எழுதுகிறேன்?

போன ஞாயிறு பார்க்கில் கூடினோம். ஓரத்தில் இன்னும் கறுத்த பனிக்குவியல். கையும் வாயும் கழுவினோம். வெள்ளைக் காகிதம் தொங்கும் கோலைப் பெரியவர் ஒருவர் எங்கள் தலைக்கு மேல் வீசித் தீட்டுக் கழித்தார். அரிசி, உப்பு, மது படைத்து, நல்ல விளைச்சலுக்கு வேண்டுதல். எட்டுப் பேரில் விவசாயி? ஒருவர் வீட்டில் தக்காளிச் செடி இருக்கிறதாம்.

இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். சண்டிகேஸ்வரர் சந்நிதியில் கைதட்டிப் பழகியவனுக்கு இது கஷ்டமா? அங்கேதான் தலைக்கனம் ஏறியது.

தூக்கினோம். சாமி அலுங்காமல் போக வேண்டாமா? கம்பை இறுக்கிப் பிடித்து, பூப்போல நடந்தேன். மற்ற ஏழு பேரும் குலுக்கு குலுக்கென்று குலுக்குகிறார்கள்! நான் பிடிக்க, அவர்கள் ஆட்ட, சப்பரம் என் பக்கம் சாய்ந்தது.

"ஆட்டுங்க!" என்று கத்தினார் யமாடா.

"சாமி விழுந்துடும்யா!"

"நீங்க ஆட்டாததாலதான் விழப் போகுது! ஆட்டினாத்தான் சாமிக்கு குஷி!"

ஓரத்தில் கூடவே நடந்துவந்த என் மனைவி, "ஏங்க, முடியலைன்னா விட்டுடுங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றாள்.

அது போதாதா, எனக்கு வீம்பு ஏற?

பாதிச் சுற்று பாக்கி. தோளில் தோல் உரிகிறது. ஷூவுக்குள் பனித்தண்ணீர். எனக்கு முன்னால் யமாடாவின் பின்கழுத்து, வியர்வையில் நனைந்து... ஆறு வருடம் காத்திருந்த மனிதர். இது என்னால் கீழே இறங்கக் கூடாது. பல்லைக் கடித்தேன். குலுக்கினேன். "வாஷ்ஷோய்!" என்று எல்லோரோடும் சேர்ந்து அலறினேன். அர்த்தம் யாருக்குத் தெரியும்?

பக்தி வந்து சேரும்வரை வீம்பை வைத்துச் சமாளிக்கலாம் — இது என் அனுபவம்.

புறப்பட்ட இடத்துக்கு வந்தோம். எல்லோரும் கையை உயர்த்திச் சப்பரத்தைத் தலைக்கு மேல் ஏந்தினார்கள். நானும் கம்பை விடவில்லை. பிறகு மெல்ல இறக்கினோம். யமாடா என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

காரில் ஏறியதும், "பாத்தியா? கடைசிவரை விடலையே!" என்றேன் மனைவியிடம்.

"பாத்தேன். தலைக்கு மேல தூக்கினப்போ உங்க கால் ரெண்டும் தரையிலயே இல்லை. ஏழு பேர் சாமியைத் தூக்கினாங்க. உங்களைச் சாமி தூக்கிச்சு."